சர்வர் உறைந்த நேரத்தில் பிஎம்சிக்குள் நுழைவது: ஆறு வருட அனுபவம்

சர்வர் பராமரிப்பு வேலைக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. இதில் நான் அதிகம் நம்புவது மதர்போர்டில் தனியாக உட்கார்ந்திருக்கும் பிஎம்சியைத்தான். சர்வரைத் தொலைவிலிருந்து கண்காணிக்கவும் இயக்கவும் உதவும் குட்டிக் கணினி இது. டெல் சர்வரில் இதற்குப் பெயர் ஐடிராக், எச்பிஇயில் ஐஎல்ஓ. பவர் கேபிள் செருகியிருந்தால் போதும், சர்வர் அணைந்து கிடந்தாலும் லினக்ஸ் உறைந்து நின்றாலும் இது ஓடிக்கொண்டே இருக்கும். தனி ஐபி, தனி லாகின்.

புது சர்வர் வந்தால் ரேக்கில் ஏற்றும் முன்பே பாஸ்வேர்ட் ஒட்டியிருக்கும் சீட்டைப் போட்டோ எடுத்துவிடுவேன். ஏற்றிய பிறகு அதைத் தேடுவது பெரும்பாடு. பழைய டெல் என்றால் ஐபி 192.168.0.120, பயனர் பெயர் ரூட், பாஸ்வேர்ட் கால்வின் என்று எல்லாருக்கும் மனப்பாடம். பழைய சூப்பர்மைக்ரோ சர்வரில் இரண்டு கட்டத்திலும் 'அட்மின்' என்று ஆங்கிலப் பெரிய எழுத்தில் அடித்தால் திறந்துவிடும். எல்லாக் கருவிக்கும் ஒரே பாஸ்வேர்ட் வைத்து விற்கக் கூடாது என்ற கலிஃபோர்னியா சட்டம் 2020 ஜனவரியில் அமலுக்கு வந்ததை ஒட்டி, அவர்களும் பெட்டிக்குப் பெட்டி வேறு பாஸ்வேர்ட் வைத்து அனுப்பத் தொடங்கினார்கள். நல்ல காரியம்.

நான் பட்ட பாடு ஒன்று. ஒரு சர்வரின் பிஎம்சிக்குப் பாதுகாப்பாக இருக்கட்டும் என்று 24 எழுத்தில் பாஸ்வேர்ட் வைத்தேன். வெப் பக்கம் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டது. நாலு மாதம் கழித்து, நடுராத்திரியில் அந்த சர்வர் உறைந்தது. பிஎம்சியில் லாகின் ஆகவில்லை. டேட்டா சென்டர் தம்பியைக் கூப்பிட்டேன். "லைட் எரியுதுண்ணே, ஸ்கிரீன்ல ஒண்ணும் வரல" என்றார். அவர் கையாலேயே ரீசெட் பட்டனை அழுத்தச் சொல்லித்தான் அன்றைக்குத் தப்பித்தோம். பிஎம்சியோடு பேசுவதற்கான பொது நெறிமுறையான ஐபிஎம்ஐ 2.0-வில் பாஸ்வேர்டுக்கு 20 பைட்தான் (20 ஆங்கில எழுத்து) இடம். மிச்சத்தை பிஎம்சிக்குள் ஓடும் ஃபர்ம்வேர் என்ற மென்பொருள் சத்தமில்லாமல் வெட்டியிருக்கிறது. காலையில் முதல் 20 எழுத்தை மட்டும் அடித்தேன், திறந்தது!

பாஸ்வேர்ட் மறந்தே போனாலும், ஓஎஸ் ஓடுகிறதென்றால் கவலை வேண்டாம். ரூட்டாக உள்ளே போய் ஐபிஎம்ஐடூல் என்ற கட்டளைக் கருவி மூலம் பயனர் பட்டியலைப் பார்த்து, புது பாஸ்வேர்ட் போடலாம். உள்ளிருந்து கேட்டால் பழைய பாஸ்வேர்டைக் கேட்காது. பிஎம்சியே பதில் தராமல் நின்றால் அதே கருவியில் 'எம்சி ரீசெட் கோல்ட்' என்ற கட்டளையைக் கொடுக்கலாம். பிஎம்சி மட்டும்தான் மறுதொடக்கம் ஆகும், மேலே ஓடும் வேலை நிற்காது. ஃபேன் திடீரென்று முழு வேகத்தில் இரையும், முதல் தடவை பயந்துபோனேன். ஓரிரு நிமிடத்தில் அடங்கிவிடும்.

இன்னொன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன், பிஎம்சியைப் பொது இணையத்தில் வைக்காதீர்கள். ஐபிஎம்ஐ 2.0-வின் வடிவமைப்பே, பயனர் பெயரைச் சரியாகச் சொன்னால் லாகினுக்கு முன்பே பாஸ்வேர்டின் ஹேஷை (அதிலிருந்து கணக்கிட்ட குறியீட்டை) வெளியே கொடுத்துவிடும். அதை வைத்துப் பாஸ்வேர்டை ஊகித்துப் பார்க்கலாம். நெறிமுறையிலேயே இருக்கும் ஓட்டை இது, ஃபர்ம்வேர் அப்டேட்டால் அடையாது. பிஎம்சிகளுக்கென்று தனியாகப் பிரித்த நெட்வொர்க் (வீலேன்), அதற்கு விபிஎன் வழியாக மட்டும் பாதை என்று வைத்திருக்கிறேன். சில மதர்போர்டுகளில் பிஎம்சிக்கான தனி போர்ட்டின் கேபிள் கழன்றிருந்தால், அது தானாகவே சர்வரின் முதல் லேன் போர்ட்டுக்குத் தாவிவிடும், அந்தப் பிரிப்பு வீணாகிவிடும். அந்த 'ஃபெயில்ஓவர்' அமைப்பை மாற்றி 'டெடிகேட்டட்' என்று வையுங்கள்.

இப்போது மாதத்தின் முதல் திங்கள்கிழமை ஒவ்வொரு பிஎம்சியிலும் லாகின் செய்து, சர்வர் திரையைக் காட்டும் கன்சோல் திறக்கிறதா என்று பார்க்கிறேன். போன மாதம் ஒன்று திறக்கவில்லை. சர்வர் நன்றாக ஓடிக்கொண்டிருந்ததால், உள்ளிருந்தே ஒரு கோல்ட் ரீசெட் கொடுத்துச் சரிசெய்தேன்.