வானவில்லா, சூரிய வட்டமா?

மழை விட்டதும் வானவில்லைத் தேடாதவர் குறைவு. ஆனால் சூரியனைச் சுற்றி வட்டம் கட்டியிருப்பதைப் பலர் பார்ப்பதே இல்லை. எனக்கு அதுதான் பெரிய அதிசயம்.

வானவில்லுக்கு மழைத்துளியும் தாழ்ந்த வெயிலும் வேண்டும். சூரியன் அடிவானத்திலிருந்து 42 பாகைக்கு (டிகிரிக்கு) மேலே ஏறிவிட்டால் தரையில் நிற்பவருக்கு வில் தெரியாது. அதனால் நடுப்பகலில் தேடி அலைய வேண்டாம். சூரியனுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். காலையில் மேற்கே, மாலையில் கிழக்கே. சென்னையில் மாலை இடிமழை கடல் பக்கம் நகர்ந்து, மேற்கே வெயில் அடித்தால் மெரினாவுக்கு ஓடலாம்.

வட்டம் நேர்மாறு. உச்சி வெயிலிலும் தெரியும், நிலவைச் சுற்றியும் வரும். கீழே நாம் வியர்த்துக்கொண்டிருக்கும்போது, பல கிலோமீட்டர் உயரத்தில் மெல்லிய மேகப் படலத்திலுள்ள அறுகோணப் பனிப்படிகங்கள் ஒளியை வளைக்கின்றன! ஆரம் 22 பாகை. கையை நீட்டி விரல்களை விரித்தால் ஏறக்குறைய ஒரு சாண். வானவில்லில் சிவப்பு வெளியே, இதில் உள்ளே. 'அகல் வட்டம் பகல் மழை' என்று நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்வது இதைப் பார்த்துத்தான். மழை வருவது உறுதியில்லை, ஆனால் அந்தப் படலம் சில நேரம் மழை மேகங்களுக்கு முன்னால் வருவதுண்டு.

அழகு என்றால் வானவில்தான், சரி. அடிக்கடி பார்க்க ஆசைப்பட்டால் வட்டத்தைத் தேடுங்கள். சூரியனை மட்டும் ஒரு தென்னை மட்டைக்குப் பின்னால் மறைத்துக்கொள்ளுங்கள். வெறும் கண்ணால் நேராகப் பார்க்கவே கூடாது.