‘ஸ்மார்ட்’ கமரா, மோட்டர் சுவிட்ச் வாங்கப் போகிறீர்களா? கடையில் வைத்தே இதைப் பாருங்கள்

வீட்டுக்கு ஸ்மார்ட் கமரா, கிணற்று மோட்டருக்கு ஸ்மார்ட் சுவிட்ச் என்று பூட்ட இருப்பவர்கள், அதிலும் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் காசு அனுப்பிப் பூட்டுவிக்கும் வீட்டுக்காரர், இதை வாசித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். எங்கள் பக்கத்தில் விலைக்கழிவு என்று போட்டு விற்கும் பெட்டிகளில் சில, கொம்பனி சேவையை நிறுத்தப் போவதாகச் சொல்லி, சாக நாள் குறித்த பிறகு விற்கப்படுபவை. கடையின் பெயரை எழுதவில்லை. முறைப்பாடு கொடுத்திருக்கிறேன், அது ஒரு முடிவுக்கு வரட்டும்.

அம்மா வட்டக்கச்சியில் தனியாக இருக்கிறார். எனக்கு வவுனியாவில் வேலை, அண்ணா ரொறன்ரோவில். படலையைப் பார்க்க ஒரு கமரா, மோட்டருக்கு ஒரு பெட்டி, விறாந்தை லைட்டுக்கு ஒரு சுவிட்ச், மூன்றும் ஒரே அப்பில். அண்ணா அனுப்பிய காசில் கிளிநொச்சி நகரில் வாங்கினோம், 60,000 ரூபாவுக்குக் கிட்ட முடிந்தது. கடைக்காரர் அனுப்பிய பெடியனே வந்து பூட்டினான். நன்றாகத்தான் வேலை செய்தது. அங்கே நடுச்சாமத்தில் அண்ணா கமராவைப் பார்த்துவிட்டு, "அம்மா, படலைக்குள்ளால ஆடு வந்திட்டுது" என்று போன் எடுப்பார்.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு காலை அப்பைத் திறந்தால், சேவை முடிந்துவிட்டது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. அவ்வளவுதான். கமராவில் நீல லைட் விட்டுவிட்டு எரிகிறது, படம் இல்லை. அம்மாவிடமிருந்து கோல்: "பிள்ளை, மோட்டர் எடுக்கேல்லை."

இந்த இடத்தைக் கவனமாக வாசியுங்கள். முன்பு கிணற்றடிச் சுவரில் ஒரு பழைய கறுப்புச் சுவிட்ச் இருந்தது. பூட்ட வந்தவன் "இனி இது தேவையில்லை அம்மா" என்று அதைக் கழற்றி, மோட்டர் வயரை நேரே புதுப் பெட்டிக்குக் கொடுத்திருந்தான். அந்தப் பெட்டியில் கையால் அமத்த ஒரு பொத்தான்கூட இல்லை. கிணற்றில் தண்ணீர், வீட்டில் கரண்ட், மோட்டரிலும் பிழையில்லை. ஆனாலும் சோளகக் காற்று அடிக்கிற ஆடி மாதத்தில் தாங்கி காய்ந்து, அம்மா வாளியால் அள்ளி மிளகாய்க் கன்றுக்கு ஊற்றினார். வயரிங் தெரிந்த பக்கத்து வளவுத் தம்பி பின்னேரம் வந்து பெட்டியைக் கழற்றி, ஒரு சாதாரண சுவிட்சைப் பூட்டினான். கடையில் நான் கேட்ட முதல் கேள்வியே இதுதான்: யாரைக் கேட்டுப் பழைய சுவிட்சைக் கழற்றினீர்கள்? அதற்கு இன்றுவரை பதில் இல்லை.

ஏன் இப்படி ஆகிறது என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இந்த வகைப் பெட்டியில், கிணற்றடியில் நின்றுகொண்டே போனில் அமத்தினாலும், அந்தக் கட்டளை எங்கேயோ வெளிநாட்டில் இருக்கும் கொம்பனியின் சேர்வருக்கு (பெரிய கணினிக்கு) போய், அங்கிருந்து திரும்பி வந்துதான் பக்கத்தில் இருக்கும் பெட்டிக்குச் சேர்கிறது. கொம்பனி அந்தச் சேர்வரை நிறுத்தினால் பெட்டி யாருடைய சொல்லும் கேட்காது. தம்பி கழற்றியதைத் திறந்து பார்த்தோம். உள்ளே கரண்டை விட்டு நிறுத்தும் ஒரு ரிலே, நகத்தளவு வைஃபை சிப், அவ்வளவுதான். எதுவும் எரியவில்லை, கருகவில்லை.

வன்னியில்தான் இப்படி ஏமாற்றுகிறார்கள் என்று நினைக்க வேண்டாம், பெரிய கொம்பனிகளே செய்கிறார்கள். கூகுள் குடும்பத்தின் நெஸ்ட், ரிவால்வ் என்ற கொம்பனியை 2014இல் வாங்கி, வீட்டு ஸ்மார்ட் சாமான்களை இணைக்க அவர்கள் 300 டொலருக்கு விற்றிருந்த பெட்டியை 2016 மே மாதம் ஒரேயடியாக நிறுத்தியது. ஸ்மார்ட் சுவிட்ச் விற்ற இன்ஸ்டியான் என்ற அமெரிக்கக் கொம்பனி 2022 ஏப்ரலில் ஒரு வார்த்தை சொல்லாமல் சேர்வரை மூடியது, பிறகு வாடிக்கையாளர் சிலரே சேர்ந்து அதை விலைக்கு வாங்கி உயிர் கொடுத்தார்கள். நெஸ்டின் முதல் இரண்டு தலைமுறை வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவிகள் 2025 அக்டோபரில் போனுடன் தொடர்பை இழந்தன. பெல்கின் கொம்பனி 2025 ஜூலையிலேயே, வீமோ என்ற பெயரில் விற்ற தன் ஸ்மார்ட் சாமான்களில் பெரும்பாலானவற்றுக்கு 2026 ஜனவரி 31உடன் சேவை முடியும் என்று சொல்லிவிட்டது. வெளிநாட்டில் வேண்டாமென்று கழற்றியதைச் சொந்தக்காரர் இங்கே வரும் பார்சலில் போட்டு அனுப்பக்கூடும். கனடா சாமான் என்றால் அது 120 வோல்ட், நம் 230 வோல்ட்டில் செருகவே வேண்டாம்.

அமெரிக்க வர்த்தக ஆணையம் 2024 நவம்பரில் 184 ஸ்மார்ட் பொருட்களைப் பார்த்தது. 163இல் எத்தனை காலத்துக்கு மென்பொருள் ஆதரவு உண்டு என்ற விபரமே அந்தப் பொருளுக்கான இணையப் பக்கத்தில் இல்லை. பிரித்தானியாவில் 2024 ஏப்ரல் 29 முதல் பாதுகாப்பு அப்டேட் எதுவரை என்று சொல்வது சட்டப்படி கட்டாயம். சட்டம் போட்டுச் சொல்லவைக்க வேண்டிய நிலைமை அங்கேயே என்றால் இங்கே பெட்டியில் என்ன எழுதியிருக்கும்?

சரி, கடைக்கு வருவோம். "கொம்பனிக்காரன் மூடினதுக்கு நான் என்ன பிள்ளை செய்யிறது? புதுசு ஒண்டு வந்திருக்கு, இருபது வீதம் கழிச்சுத் தாறன்" என்றார் கடைக்காரர். நானும் கொஞ்சம் தடுமாறித்தான் போனேன், அவரும் பாவம்தானே என்று. வீட்டுக்கு வந்து அந்தக் கொம்பனியின் இணையத்தளத்தைத் தேடினால், சேவையை நிறுத்தும் அறிவித்தலின் திகதி எங்கள் பில்லுக்கு முந்தியது! அப் ஸ்டோரிலும் அதற்கு முன்பே ஆட்கள் ஒரு நட்சத்திரம் போட்டுத் திட்டியிருந்தார்கள். விலைக்கழிவின் காரணம் அப்போதுதான் விளங்கியது. இரண்டையும் போனில் காட்டியபோது, "எனக்கு இங்கிலீசில வாறதெல்லாம் வாசிக்க நேரமில்லை" என்றார். இறக்குமதி செய்தவர் மலிவாகத் தள்ளிவிட்டதை இவர் எங்கள் தலையில் கட்டியிருக்கிறார். தெரிந்து செய்தாரோ தெரியாமல் செய்தாரோ, காசு எங்களுடையது.

வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே ஒன்று செய்யுங்கள். பெட்டியைப் பூட்டி வேலை செய்ய வைத்த பிறகு, ரவுட்டரைப் போட்டபடி அதற்கு வரும் இன்டர்நெட் லைனை மட்டும் கழற்றச் சொல்லுங்கள். போனில் டேட்டாவையும் நிறுத்திவிட்டு, வைஃபையில் இருந்தபடி அமத்திப் பாருங்கள். லைட் எரிந்தால் அது வீட்டுக்குள்ளேயே வேலை செய்யும் சாமான். எரியாவிட்டால் கொம்பனி இருக்கும்வரைதான் சுவிட்சும் இருக்கும். கமராவுக்கு மெமரி காட் போதாது, ஆர்டிஎஸ்பி (RTSP) அல்லது ஆன்விஃப் (ONVIF) என்ற, படத்தை வேறு மென்பொருளுக்கும் கொடுக்கும் பொது முறை இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் கொம்பனியின் அப் இல்லாமலே வேறு மென்பொருளில் படம் பார்க்கலாம். கேட்டதும் முழிக்கிறார்கள் என்றால் வேறு கடை பாருங்கள். மோட்டருக்கு எதைப் பூட்டினாலும் பழைய கைச் சுவிட்சைக் கழற்ற விடாதீர்கள், அப்புறம் என் அம்மாவைப் போல் தண்ணிக்கு அலைய வேண்டும்.

எங்கள் மோட்டர் பெட்டியை அறிவியல் நகர் பொறியியல் பீடத்தில் படிக்கும் ஒரு தம்பி வாங்கிப் போய், அந்தச் சிப்பில் டாஸ்மோட்டா என்ற இலவச மென்பொருளை ஏற்றிக் கொடுத்தான். இப்போது வீட்டு வைஃபையிலேயே வேலை செய்கிறது. எல்லாச் சிப்பிலும் இது ஏறாது, கமராவுக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை. கரண்டில் செருகியபடி யாரும் திறந்து பார்க்க வேண்டாம்.

பில்லைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977இல் பேசலாம், ஆனால் முறைப்பாட்டை எழுத்தில், வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். எங்களுக்கு அந்தத் தவணை தப்பவில்லை. அறிவித்தலின் ஸ்கிரீன்ஷொட், பில், கழற்றிய சுவிட்சின் படம் மூன்றையும் இணைத்து அனுப்பியிருக்கிறேன். போன கிழமையும் அந்தக் கடையில் அதே கமரா அடுக்கி இருந்தது, விலை இன்னும் குறைத்திருக்கிறார்கள்.