மருந்து வாங்கிய தேதியிலிருந்து சிகிச்சைக் காலம்: அட்ஹியர்-ஆர் தொகுப்பு எப்படி?

மருந்தகப் பதிவேட்டில் இருப்பது வாங்கிய தேதியும் அளவும்தான். எந்த நாள் முதல் எந்த நாள் வரை நோயாளியிடம் மருந்து இருந்தது என்பதை ஆய்வாளர்தான் வரையறுக்க வேண்டும். அதற்கு ஆர் (R) என்ற புள்ளியியல் நிரல்மொழியில் உள்ள இலவசத் தொகுப்பு அட்ஹியர்-ஆர் (AdhereR). நோயாளி எண், வாங்கிய தேதி, எத்தனை நாளுக்கான மருந்து என மூன்று விவரம் இருந்தால் போதும், வேலையைத் தொடங்கலாம். தேதி வடிவத்தை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் மாதம்தான் முன்னால் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளும்.

இதில் மிகவும் பிடித்தது, ஒவ்வொரு அனுமானத்தையும் நம் வாயாலேயே சொல்ல வைப்பது. 2023-இல் ஜனவரி 1, ஜனவரி 21, மார்ச் 16 என மூன்று முறை, தலா 30 நாள் மருந்து வாங்கியவரை எடுத்துக்கொள்வோம். இரண்டாம் முறை முன்கூட்டியே வாங்கியதால் 10 நாள் மருந்து கையில் மிச்சம். அதைப் பின்னால் தள்ளிக் கணக்கிட்டால் இடைவெளி மார்ச் 2 முதல் 15 வரை, 14 நாள். தள்ளாவிட்டால் 24 நாள். அனுமதிக்கும் இடைவெளி 20 நாள் என்று வைத்திருந்தால், முதல் கணக்கில் இவர் சிகிச்சையை விடவே இல்லை. இரண்டாவதில் நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கியவர்! ஆய்வு முடிவே இதில் புரண்டுவிடும்.

மருந்தைத் தொடர்ந்து எடுத்ததை அளக்க சிஎம்ஏ1 முதல் சிஎம்ஏ9 வரை ஒன்பது சூத்திரங்கள் (சிஎம்ஏ என்பது மருந்து தொடர்ந்து கையில் இருந்ததன் அளவு). இதே நோயாளிக்கு முதல் 90 நாளைப் பார்த்தால் சிஎம்ஏ2 சொல்வது 1.0, வாங்கிய நாட்களைக் கூட்டி வகுப்பதால் இடைவெளி மறைந்துவிடுகிறது. மிச்சத்தைப் பின்னால் தள்ளி, 14 நாள் இடைவெளியைக் கழிக்கும் சிஎம்ஏ7 தருவது 0.84. எதை, ஏன் எடுத்தீர்கள் என்பதைக் கட்டுரையில் கட்டாயம் எழுதுங்கள். வரைபட வசதியும் அருமை. பத்து இருபது பேரின் படத்தைக் கண்ணால் பார்த்தாலே பாதித் தவறு பிடிபடும்.

ஆனால் தரவில் 'எத்தனை நாளுக்கான மருந்து' என்ற விவரமே தவறென்றால் எந்தச் சூத்திரமும் காப்பாற்றாது. தினசரி அளவு பதிவாகாத தரவில் பலர் உலக சுகாதார நிறுவனத்தின் டிடிடி (DDD) அளவை, அதாவது பெரியவர்களுக்கு ஒரு நாளுக்கு என அது வைத்திருக்கும் சராசரி அளவை வைத்து நாளைக் கணக்கிடுகிறார்கள். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் வகை மருந்தான சிம்வாஸ்டாட்டினுக்கு அது 30 மி.கி. தினம் ஒரு 20 மி.கி. மாத்திரை சாப்பிடுபவர் 90 மாத்திரை வாங்கினால் கணக்கில் 60 நாள்தான் வரும். ஒவ்வொரு முறையும் 30 நாள் பொய்யான இடைவெளி. மருத்துவமனையில் படுத்திருந்த நாட்களில் கொடுத்த மருந்தும் வெளி மருந்தகப் பதிவில் ஏறாது. மருத்துவமனையில் சேர்ந்த, வீடு திரும்பிய தேதிகள் கையில் இருந்தால் அவற்றைச் சேர்த்து நாட்களைச் சரிசெய்ய இதில் தனிச் செயல்கூறு உண்டு, பயன்படுத்துங்கள்.

ஸ்டாட்டின், இரத்த அழுத்த மாத்திரை போன்ற தினசரி மருந்துகளுக்குத் தாராளமாகப் பரிந்துரைக்கலாம். வலி வந்தால் மட்டும் போடும் மாத்திரைக்கும், தேவைக்கு மட்டும் இழுக்கும் இன்ஹேலருக்கும் வேண்டாம்.