புருவ இடைச் சுருக்கத்துக்கும் நெற்றிக்கும் போடாக்ஸ்: சில ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

சில ஆண்டுகளாகப் புருவங்களுக்கு இடையிலும் நெற்றியிலும் போடாக்ஸ் ஊசி போட்டுக்கொண்டு வருகிறேன். கிளாஸ்டிரிடியம் பாட்டுலினம் என்னும் பாக்டீரியா உண்டாக்கும் நச்சுப்புரதம் இது. மிகச் சிறிய அளவில் தசைக்குள் செலுத்தும்போது, நரம்பு முனைக்குள் புகுந்து, தசையைச் சுருங்கச் செய்யும் அசிட்டைல்கோலின் வெளியேறுவதைத் தடுத்துவிடுகிறது. ஆகவே, முகத்தைச் சுளித்தால் மட்டும் விழும் கோடுகள் நன்றாக மறைகின்றன. சும்மா இருக்கும்போதும் தெரிகிற ஆழமான கோடுகள் ஓரளவே மங்குகின்றன. என் இடப்புருவத்தை ஒட்டிய செங்குத்துக் கோடு இன்றும் மெலிதாகத் தெரியத்தான் செய்கிறது.

ஊசி போடும் வேலை சில நிமிடங்களில் முடிந்துவிடும். கொசு கடித்தாற்போல் எழும் தடிப்புகளும் விரைவில் அமுங்கிவிடும். மூன்றாம் நாள் வாக்கில், சுளிக்க முயன்றால் தசை பாதியிலேயே நின்றுவிடுவதை உணரலாம். முழுப் பலனை இரண்டு வாரம் கழித்தே மதிப்பிட முடியும் என்பதால், அதற்கு முன் கூடுதல் மருந்து கேட்பது வீண்.

புருவ இடைக்கு 5 புள்ளிகளில் மொத்தம் 20 யூனிட் என்பது, 2002இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் போடாக்ஸின் அழகியல் பயன்பாட்டுக்கு ஒப்புதல் அளித்தது முதல் வழக்கத்திலுள்ள அளவு. ஒரு நிறுவனத் தயாரிப்பின் யூனிட் மற்றொன்றின் யூனிட்டுக்குச் சமமாகாது. எனவே மருந்தின் பெயரையும் அளவையும் ஒவ்வொரு முறையும் கேட்டுக் குறித்துக்கொள்கிறேன்.

உண்மையில் கவனம் தேவைப்படுவது நெற்றிக்குத்தான். புருவத்தை உயர்த்தும் தசை நெற்றித் தசை ஒன்றே. அதைத் தளர்த்தினால் கோடுகளோடு புருவமும் சேர்ந்து இறங்கும். ஒருமுறை வேறொரு மருத்துவர் சற்றுத் தாராளமாகவே போட்டுவிட்டார். நெற்றி வழவழப்பாகிவிட்டது, ஆனால் புருவம் கனத்து, மாலையில் படிக்கும்போது கண்ணைச் சிரமப்பட்டுத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. போட்ட மருந்தை முறிக்க வழியில்லை. வீரியம் குறையும் வரை பொறுத்திருக்க வேண்டியதுதான். இப்போது புருவத்துக்குச் சற்று மேலுள்ள பகுதியைத் தொடாமல், மேல் நெற்றியில் குறைந்த அளவே போடச் சொல்கிறேன். புருவத்தை உயர்த்தினால் இரண்டு மெல்லிய கோடுகள் விழுகின்றன; முகத்தில் உணர்ச்சி தெரிய அவை இருப்பதே நல்லது என்பது என் கருத்து.

பலன் மூன்று, நான்கு மாதம் நிற்கும். நரம்பு முனைகள் மீண்டும் செயல்படத் தொடங்கும்போது அசைவு மெல்லத் திரும்பும். மூன்று மாதத்துக்குள் மறுபடி போட்டுக்கொள்வதை நான் தவிர்க்கிறேன். அடிக்கடி போட்டால் உடலில் எதிர்ப்புப்பொருள் உருவாகி மருந்து பலிக்காமல் போக வாய்ப்புண்டு. கர்ப்பிணிகளும், மயஸ்தீனியா கிராவிஸ் போன்ற நரம்புத்தசை நோய் உள்ளவர்களும் இதைத் தவிர்ப்பது நல்லது. ஊசிக்குப் பின் விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் ஏற்பட்டால் உடனே அவசர சிகிச்சைக்குச் செல்ல வேண்டும்.

இடையில் நீண்ட காலம் நிறுத்தியும் பார்த்தேன். கோடுகள் பழையபடி திரும்பின, முன்பைவிட மோசமாகவில்லை. செலவுதான் தொடர் செலவு.