ஒரே பெட்டியில் சாம் ரைமியின் ஸ்பைடர்மேன்

சிங்கப்பூரின் பிராஸ் பசா காம்ப்ளெக்ஸில் உள்ள ஒரு கடையில், சாம் ரைமி இயக்கி 2002, 2004, 2007 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த மூன்று ஸ்பைடர்மேன் படங்களும் அடங்கிய பழைய புளூரே பெட்டியை அண்மையில் வாங்கினேன். பெட்டியின் ஓரம் உடைந்திருந்ததைக் கடைக்காரர் சொல்லவில்லை. வட்டுகளில் கீறல் இல்லாததால் நானும் திருப்பிக் கொடுக்கவில்லை.

இரண்டாம் படத்துக்காகவே இதை வாங்கலாம். ஓடும் ரயிலைத் தன் உடலையே தடுப்பாக்கி நிறுத்திவிட்டு மயங்கிச் சரியும் பீட்டரை, அதாவது ஸ்பைடர்மேனைப் பயணிகள் தலைக்கு மேல் கைமாற்றிக் கொண்டுசென்று கிடத்த, முகமூடியில்லாத அந்த முகத்தைக் கண்ட ஒருவர், இவனுக்குத் தம் மகனின் வயதுதான் இருக்கும் என்று வியக்கும் இடத்தில் எனக்கு இன்றும் தொண்டை அடைக்கிறது. (நெரிசல் நேர எம்ஆர்டி ரயிலில் நிற்கும்போதெல்லாம் அக்காட்சி நினைவுக்கு வந்துவிடுகிறது.) வில்லன் டாக்டர் ஆக்டோபஸின் இயந்திரக் கைகள் அறுவை அறையில் விழித்தெழும் காட்சியிலோ, திகில் படங்களில் தொடங்கிய ரைமியின் பழைய குறும்பு அலறலும் நிழலுமாக வெளிப்படுகிறது. பல காட்சிகளில் அக்கைகளைப் பொம்மலாட்டக் கலைஞர்களே இயக்கினார்கள் என்பதால்தானோ என்னவோ, அவற்றுக்கு உயிர் இருப்பதாகவே தோன்றுகிறது.

மூன்றாம் படத்தில் வில்லன்கள் நெருக்கியடிக்கிறார்கள். ரசிகனாகிய எனக்கே அது சற்று அதிகம். முதல் படத்தில் பீட்டரை வளர்த்த பென் ஓட்டிவரும் கார், ரைமியின் சொந்த 1973ஆம் ஆண்டு ஓல்ட்ஸ்மொபில். அவருடைய படங்கள் பலவற்றில் தலைகாட்டும் வண்டி அது.