டயாலிசிஸ் சரி, கால்களை யார் பார்ப்பது?

இந்தத் தடவை லீவுக்கு ஊருக்குப் போனபோது சித்தப்பாவை டயாலிசிஸுக்குக் கூட்டிக்கொண்டு போவது என் பொறுப்பாகிவிட்டது. வாரத்தில் 3 நாள், ஒவ்வொரு தடவையும் 4 மணி நேரம். மெஷின் பக்கம் குறை சொல்ல ஒன்றுமில்லை. எடை, பிரஷர் எல்லாம் ஒழுங்காகப் பார்க்கிறார்கள், ஃபிஸ்டுலாவில் (டயாலிசிஸ் ஊசிக்காக ரத்தக்குழாய்களை இணைத்துவைத்த இடம்) ஊசி ஏற்றும் பையனுக்கு நன்றாகப் பழகிய கை.

கால்களைப் பற்றித்தான் ஒருவரும் கேட்பதில்லை. ராத்திரியானால் சித்தப்பாவுக்குப் பாதம் எரியும், விரல்கள் மரத்துக் கிடக்கும். ஒரு நாள் செருப்பு கழன்று விழுந்ததே தெரியாமல் வராந்தாவில் நடந்துகொண்டிருக்கிறார், பின்னால் போய் நான்தான் எடுத்து வந்தேன். நர்ஸிடம் சொன்னால், "வயசாச்சுல்ல சார்."

வயசாவது ஒன்றாவது! சிறுநீரகம் வேலை செய்யாமல் கழிவுகள் ரத்தத்தில் தேங்கினால் நரம்பு கெடும், அதிலும் நீளமான நரம்புகள்தான் முதலில் அடிவாங்கும், அதனால்தான் பாதத்தில் தொடங்கி மேலே ஏறுகிறது. கூடவே சர்க்கரையும் இருந்தால் (சித்தப்பாவுக்கு இருக்கிறது) கேட்கவே வேண்டாம். டயாலிசிஸ் பெரும்பாலும் இதை மேலும் முற்றாமல் பிடித்துவைக்கும், அவ்வளவுதான். மாற்றுச் சிறுநீரகம் வைத்த பிறகு நன்றாகத் தேறியவர்கள் உண்டு.

இன்னொரு கூத்து. கடைசி ஒரு மணி நேரம் காலை ஆட்டாமல் அவரால் படுக்க முடியாது, உள்ளே ஏதோ ஊர்கிற மாதிரி இருக்கிறதாம். "போதும், கழட்டிவிடுங்க" என்பார், அவர்களும் கழற்றிவிடுவார்கள். ரத்தம் சுத்தமாவது குறையும், நரம்புக்கு அது இன்னும் கெடுதல். லேப் ரிப்போர்ட் சுமாராக இருக்கும், மனுஷன் தூங்கியே பல நாள் ஆகியிருக்கும்.

கடைசியில் டாக்டரை நேராகப் பிடித்துக் கேட்டேன். மேஜை டிராயரிலிருந்து ஒரு நைலான் இழையை எடுத்தார், 10 கிராம் அழுத்தத்தில் வளையுமாம். சித்தப்பாவைக் கண்ணை மூடச் சொல்லிப் பாதத்தில் அங்கங்கே தொட்டார். கட்டைவிரலில் மூன்று முறை தொட்டும் "இன்னும் தொடலையே" என்றார் சித்தப்பா. ரத்தத்தில் இரும்புச்சத்து, வைட்டமின் பி12 பார்க்க எழுதிக்கொடுத்தார். நரம்பு வலிக்கான கபாபென்டின் மருந்து மிகக் குறைந்த அளவில், டயாலிசிஸ் முடிந்த பிறகு மட்டும். அது சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும், மற்றவர்கள் போடும் அளவுக்கு டயாலிசிஸில் இருப்பவர்கள் போட்டால் தூங்கி வழிந்து தள்ளாடுவார்கள்.

இப்போது எரிச்சல் குறைந்திருக்கிறது, மரத்தது அப்படியேதான். மாதம் ஒரு தடவை எல்லாருக்கும் இந்தச் சோதனையைச் செய்யலாமே என்று யூனிட்டில் கேட்டேன், நேரமில்லை என்றார்கள். 4 மணி நேரம் ஆள் அங்கேயேதான் படுத்திருக்கிறார், 5 நிமிஷ வேலை.