கடிக்கும் நாயை வைத்துக்கொள்வதா, அனுப்பிவிடுவதா: தாழ்ப்பாளை வைத்து ஒரு கணக்கு

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பிறை நகருக்கு அப்பால் ஒரு செம்பனைத் தோட்டத்தின் ஓரத்தில், கழுத்தில் கம்பி இறுகிய காயத்தோடு கிடந்த குட்டியை எடுத்து வந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. கறுப்பன் என்று பெயர் வைத்தோம். வீட்டார் நால்வரிடமும் குழைந்து விளையாடும் அவன், அந்நியர் கை தன் தலைக்கு மேல் நீண்டால் கடித்துவிடுவான். இதுவரை மூன்று பேரைக் கடித்திருக்கிறான். மூன்றாமவர் உணவு கொண்டுவந்த ஓர் இளைஞர். அவருடைய முன்கையில் நான்கு பல் பதிந்தது. அதன்பின் ஆயர் ஈத்தாமில் உள்ள எங்கள் வரிசை வீட்டில் இந்தக் கேள்வியைத் தள்ளிப்போட வழியில்லாமல் போயிற்று. முடிவில் நாங்கள் அவனை வீட்டிலேயே வைத்துக்கொண்டோம். என் தராசு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதை வாசிப்பவர்கள் இப்போதே குறித்துக்கொள்ளலாம்.

"எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் விட்டுடுங்க மச்சான்" என்று என் மனைவியின் தம்பி சொன்னதை ஒரு வழியாகவே நான் எண்ணவில்லை. வளர்த்த விலங்கைக் கைவிடுவது 2015ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டப்படி குற்றம். அபராதம் 20,000 ரிங்கிட் வெள்ளியில் தொடங்குகிறது, சிறைத்தண்டனைக்கும் இடமுண்டு. சட்டம் இல்லாவிட்டாலும், கடிக்கும் நாயை ஊருக்குள் அவிழ்த்துவிடுவது அடுத்தவர் பிள்ளையின் காலைப் பணயம் வைப்பதாகும்.

வேறு வீட்டுக்குக் கொடுப்பது கேட்பதற்கு நல்ல வழிதான். ஆனால் பினாங்குத் தீவில் பலர் அடுக்குமாடிகளில் வாழ்கிறார்கள், அவற்றுள் பலவற்றில் நாய்க்கு அனுமதி இல்லை. எஞ்சியவர்களிடம் மூன்று கடிகளையும் மறைக்காமல் சொன்னால் எவரும் முன்வருவதில்லை. மறைத்துக் கொடுத்தால் நான்காவது கடிக்கு நாமே பொறுப்பாளி. எல்லாவற்றையும் கேட்ட பிறகும் ஆர்வம் காட்டியவர் ஒருவர்தான். பாலிக் புலாவில் டுரியான் தோட்டம் வைத்திருக்கும் அவர், பழக்காலத்தில் காவலுக்குக் கட்டிப்போட இப்படிப்பட்ட நாய்தான் வேண்டும் என்றார். கழுத்தில் கம்பி இறுகிக் கிடந்தவனை மறுபடி சங்கிலியில் பிணைக்க எனக்கு மனம் வரவில்லை. அச்சத்தால் கடிக்கும் நாயைக் கட்டிப்போட்டால் அதற்குத் தப்பி ஓடும் வழியும் அடைபடுகிறது, எஞ்சுவது கடிப்பது ஒன்றுதான்.

காப்பகத்தைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. நெருக்கமும் இரைச்சலும் நிறைந்த இடத்தில் இத்தகைய நாயின் நிலை மோசமாவதற்கே வாய்ப்பு அதிகம். கடித்த வரலாறு உள்ளதை அவர்களும் எளிதில் யாருக்கும் தத்துக் கொடுக்க முடியாது. ஊசி போட்டு நாயின் உயிரை முடிப்பது என்ற முடிவை நாம் எடுக்கத் தயங்கி, முகம் தெரியாத ஒருவர் தலையில் அதை ஏற்றுவதாகவே அது பெரும்பாலும் முடியும்.

ஊசி போட்டு உயிரை முடிக்கும் வழியை நான் இழிவாக நினைக்கவில்லை. மயக்க மருந்தை மிகை அளவில் ஏற்றுவதுதான் முறை. நினைவிழந்த பிறகே மூச்சு நிற்கிறது. எந்த நாய்க்கு அது பொருந்தும் என்பதை முடிவு செய்ய, இயன் டன்பார் என்ற கால்நடை மருத்துவர் வகுத்த ஆறு நிலைக் கடி அளவுகோல் எங்களுக்கு உதவியது. ஒரே கடியில் ஒன்று முதல் நான்கு துளைகள், கோரைப்பல்லின் பாதி நீளத்துக்கு மேல் போகாமல் இருந்தால் அது மூன்றாம் நிலை. அதைவிட ஆழமாகப் போனாலோ, பிடித்து உலுக்கினாலோ நான்காம் நிலை. கறுப்பன் மூன்றில் நிற்கிறான். நான்கில் இருந்திருந்தால் இந்தக் கட்டுரையை நான் வேறு விதமாக எழுதியிருக்கக்கூடும். ஆயினும் வளர்த்த நாய் ஒன்றை அந்த மேசையில் கிடத்திய அனுபவம் எனக்கில்லை என்பதால், அந்தத் துயரத்தை இதனோடு எடைபோட எனக்குத் தகுதி குறைவு. ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்வேன்: கடித்த அன்றைய கோபத்தில் ஊசி போட ஓடக்கூடாது. வெறிநாய்க்கடி நோய் இல்லை என்று உறுதி செய்ய, கடித்த நாயைப் பத்து நாள் உயிரோடு வைத்துக் கவனிக்க வேண்டும். அதற்குள் அது இறந்தால் மூளையைச் சோதித்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். 2015இல் பினாங்கில் அந்த நோய் தலைகாட்டியபோது தெரு நாய்கள் பட்ட பாட்டை நாங்கள் மறக்கவில்லை.

இனி வீட்டில் வைத்துக்கொள்வது. முதலில் உடம்பைப் பார்க்கச் சொன்னார் எங்கள் கால்நடை மருத்துவர். வலியும் கடிக்கத் தூண்டும். கறுப்பனுக்குக் காதுக்குள் நாட்பட்ட புண் இருந்தது. அதை ஆற்றிய பின், அச்சத்தைத் தணிக்கும் மாத்திரை கொடுத்தார். அது வேலை செய்ய நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும் என்பதால் பொறுமை வேண்டியிருந்தது. உறுமினால் அதட்டக்கூடாது என்பதையும் அவரிடமே கற்றோம். உறுமலை அடக்கிவிட்டால் முன்னறிவிப்பு போய்விடும், கடி மட்டும் மிஞ்சும். நடைக்குக் கிளம்பும்போது, கன்றுக்குப் போடுவதைப் போன்ற கூடை வடிவ வாய்க்கூடு மாட்டுகிறோம். வாயை இறுக்கிக் கட்டும் துணி வகை இந்த ஊர் வெயிலுக்கு ஆகாது; நாய் நாக்கைத் தொங்கவிட்டு இளைத்துத்தான் தன் சூட்டைத் தணித்துக்கொள்கிறது.

இவை அனைத்தும் செய்யக்கூடியவையே. முடிவைத் தீர்மானித்தது வேறொன்று: நாயின் குணத்தைவிட வீட்டாரின் மறதி. ஒரு வாரம் நான் எண்ணிப் பார்த்தேன். எங்கள் முன்கதவு ஒரு நாளைக்கு ஏறத்தாழ இருபது முறை திறக்கிறது, அதாவது ஆண்டுக்கு ஏழாயிரம் முறைக்கு மேல். கறுப்பன் இன்னும் எட்டு ஆண்டுகள் இருந்தால் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட தடவை யாரோ ஒருவர் தாழ்ப்பாளை நினைவோடு போட்டாக வேண்டும். மூன்றாவது கடியும் மறதியால்தான் நேர்ந்தது. கறிவேப்பிலை பறிக்க வெளியே போன நான்தான் கிரில்லைச் சாத்தவில்லை. அந்த இளைஞர் இஸ்லாமியர். காயத்தைக் கழுவி மருந்திட்டதோடு, நாயின் எச்சில் பட்டதால் மண் கலந்த நீரையும் சேர்த்து ஏழு முறை கழுவும் கடமையும் அவர்மேல் விழுந்தது. அவர் கோபப்படவில்லை, நான்தான் கூசிப்போனேன்.

ஆகவே நினைவாற்றலை நம்புவதை விட்டுவிட்டோம். கிரில்லுக்கும் வெளிக்கதவுக்கும் நடுவே தானாக மூடிக்கொள்ளும் இன்னொரு கதவு வைத்தோம். ஒன்றை மறந்தாலும் மற்றொன்று தடுக்கும். பொட்டலங்களுக்கு வெளிச்சுவரில் பெட்டி மாட்டினோம். தீபாவளிக்கு எல்லாரையும் வீட்டுக்கு அழைக்கும் திறந்த இல்ல உபசரிப்பின்போது அவன் பின்னறையில் இருப்பான், சாவி என் சட்டைப் பையில் இருக்கும். சீனப் புத்தாண்டின் எட்டாம் நாள் இரவு, ஹொக்கியன் சீனர்கள் வானதேவனை வணங்கி வெடி கொளுத்தும்போதும் அதே ஏற்பாடுதான். இந்த ஏற்பாட்டுக்குப் பின் கடி நேரவில்லை. ஆனால் கணக்கில் இருப்பது பதினாறு மாதம்தான். அதை வெற்றி என்று அழைக்க நான் தயாராக இல்லை.

நால்வரும் பெரியவர்களாக இருப்பதால்தான் இது நடக்கிறது. பள்ளிக்கு ஓடும் பிள்ளைகளோ, அடிக்கடி மாறும் வேலையாட்களோ உள்ள வீட்டில் எத்தனை கதவு போட்டாலும் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கோலாலம்பூரில் இருக்கும் என் மகளுக்கு இப்போது ஐந்தாம் மாதம். பேறுகாலத்துக்கு இங்கே வர வேண்டும் என்பது அவள் ஆசை. கால்நடை மருத்துவரைக் கேட்டோம், தவழும் குழந்தைக்கும் இந்த நாய்க்கும் நடுவே ஒரு கதவு போதாது என்றார். மனைவியே கோலாலம்பூர் போய் இரண்டு மாதம் தங்கி வரட்டும் என்பது இப்போதைய பேச்சு. பேரப்பிள்ளை தவழத் தொடங்கும் ஆண்டுக்கு எங்களிடம் இன்னும் விடை இல்லை.